பஸ்பாரிலிருந்து மீட்டருக்கு 1.5 சதுர மிமீ ஒயர், 6 ஆம்பியர் எம்சிபி போதாதா?

கேள்வி: 1000 கேவிஏ, 415 வோல்ட், 5% இம்பிடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மர். மெயின் பேனல் பஸ்பாரிலிருந்து (மின்சாரத்தைப் பகிரும் தடித்த உலோகப் பட்டை) 1.5 பிவிசி செம்பு ஒயர் 2 மீட்டர் ஓடி, கதவில் உள்ள 6 ஆம்பியர் எம்சிபி (ஷார்ட் ஆனால் தானே திறக்கும் சிறு பிரேக்கர்; 10 கேஏ, அதாவது 10,000 ஆம்பியர் வரை உடைக்கும்) வழியாக மல்டிஃபங்ஷன் மீட்டருக்குப் போகிறது. டிராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீட்டர் எடுப்பதோ சில விஏதான். என்ன தப்பு?

பதில் 1: ரெண்டு தப்பு சார். பஸ்பாரில் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் கிட்டத்தட்ட 28 கேஏ. ஒயரின் ரெசிஸ்டன்ஸ் அதைக் குறைப்பதால்தான் 10 கேஏ எம்சிபி மயிரிழையில் தப்புகிறது; அதைத் தனியாக நம்ப முடியாது. அதைவிட மோசம், எம்சிபிக்கு முன்னால் உள்ள 2 மீட்டருக்குக் காவலே இல்லை.

அந்த ஒயர் எம்சிபி வாயிலில் ரெண்டு ஃபேஸ் சேர்ந்து ஷார்ட் ஆனால் சுமார் 8 கேஏ பாயும். 1.5 பிவிசி தாங்கும் வெப்ப அளவு (115 × 1.5)² (115 என்பது பிவிசி செம்பு ஒயருக்கான மாறிலி), அதாவது ஏறக்குறைய 29,750 ஆம்பியர்²·செகண்ட். 8 கேஏவில் அது அரை மில்லிசெகண்டுக்குள் தீர்ந்துவிடும். மேலே உள்ள ஏசிபி (பேனலின் மெயின் பிரேக்கர்) திறக்கவே பல பத்து மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் செம்பே உருகிவிடும்.

கேள்வி: 4 சதுர மிமீ போட்டால்?

பதில் 1: ரெசிஸ்டன்ஸ் குறைவதால் கரண்ட் 16 கேஏ தாண்டும். முக்கால் மில்லிசெகண்ட் கிடைக்கும், அவ்வளவுதான். தடிமனால் இது தீராது.

பதில் 2: பஸ்பார் பக்கத்திலேயே ஒவ்வொரு ஃபேஸுக்கும் 2 ஆம்பியர் எச்ஆர்சி ஃப்யூஸ் (பெரிய ஷார்ட் கரண்டையும் உடைக்கும் வகை) வையுங்கள், 80 கேஏ பிரேக்கிங் உள்ளது. கரண்ட் உச்சத்துக்கு ஏறும் முன்பே அது உருகிவிடும். கடத்திவிடும் ஆற்றல் 1.5 ஒயர் தாங்குவதில் சிறு பங்குதான். பிறகு கதவு வரை பழைய ஒயரே போதும்.

பஸ்பாரிலிருந்து ஃப்யூஸ் வரையுள்ள துண்டுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். ஐஇசி (சர்வதேச மின் தரநிலை) 3 மீட்டர் வரை அனுமதிக்கிறது, ஷார்ட்டுக்கே இடமில்லாதபடி ஓட்டினால் மட்டும். 300 மிமீக்குள் முடித்துவிடுவதே நல்லது. ஃபேஸுக்கு ஒரு தனி ஒயர், மேலே கூடுதல் ஸ்லீவ், தகட்டு ஓரத்தில் உரசக்கூடாது, மூன்றையும் சேர்த்துக் கட்டக்கூடாது. ஒயர் முனையில் உள்ள லக்கை பஸ்பார் ஜாயின்ட் போல்ட்டில் சொருகாதீர்கள், தனி ஓட்டை போடுங்கள்.

கேள்வி: எம்சிபியை விட்டுவிடலாமா?

பதில் 2: எடுத்துவிடலாம். வைத்தால், ஃப்யூஸ் பேக்கப்புக்கு (எம்சிபிக்கு முன்னால் ஃப்யூஸ் துணை நிற்பதற்கு) தயாரிப்பாளர் அட்டவணையைப் பாருங்கள். ஒன்று மட்டும்: அதே மீட்டருக்குப் போகும் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒயரில் பழக்கதோஷத்தில் ஃப்யூஸ் போட்டுவிடாதீர்கள். அது உருகினால் சிடி செகண்டரி ஓப்பனாகி, ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும்.