நம்ம சொந்தம் குழு: பிரவீன் வேலை ஆர்டர்

செல்வி அத்தை: பிரவீனுக்கு மில்லுல இருந்து ஆர்டர் வந்திருக்குதுங்க. ‘டாஃபர் டிரெய்னி’ன்னு போட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல பார்த்துட்டு, டாஃப்னா துணியக் கழட்டறதுங்குது. என்ன வேலைங்க இது? திங்கக்கிழமை சேரணும்

பழனி சித்தப்பா: அய்யோ

மாலதி அக்கா: பயப்படாதீங்க அத்தை. அந்த அர்த்தமும் சரிதான். பழைய இங்கிலீஷ்ல ‘டூ’ன்னா வைக்கறதுன்னும் பொருள். ‘டூ ஆஃப்’ ஒட்டிப்போய் 14ஆம் நூற்றாண்டு வாக்குல டாஃப் ஆச்சு. எடுத்து அப்பால வைக்கறது, அவ்வளவுதான். தொப்பி, சட்டை எதுக்கும் சொல்லலாம். போட்டுக்கறது ‘டூ ஆன்’, அது டான். இதே மாதிரி ‘டூ அவுட்’ டவுட் ஆச்சு, சந்தேகம்ங்கற டவுட் இல்ல, விளக்க அணைக்கறது

மாலதி அக்கா: 1755ல ஜான்சன் அகராதியிலயே டாஃப் வழக்கொழிஞ்சது, நாட்டுப்புறத்துக்காரங்கதான் பேசறாங்கன்னு இருக்கு. அப்புறம் வால்டர் ஸ்காட் எழுத்தாலதான் திரும்பப் புழக்கத்துக்கு வந்துச்சு

பழனி சித்தப்பா: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு எத்தன பேரு? சமையல்காரர் கேக்கறார்

குமார் மாமா: பழனி, இரு. அம்மிணி, மில்லுல டாஃப்னா ரிங் ஃபிரேம்ல, அதான் நூல் நூக்கற மெஷின்ல, நூல் நெறஞ்ச காப்ப எடுத்துட்டு காலி பாபின் (நூல் சுத்தற குழல்) போடறது. 1,008 ஸ்பிண்டில் (பாபின் மாட்டிச் சுத்தற கதிர்) இருக்கற ஃபிரேம்னா பக்கத்துக்கு 504. 40ஆம் நம்பர் (நம்பர் ஏற ஏற நூல் சன்னம்) நூலுக்கு சுமாரா மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா வரும். தடி நூல்னா இன்னும் சீக்கிரம்

குமார் மாமா: மொதல்ல ரிங் ரயில் (நூலச் சுத்தி விட மேல கீழ போற சட்டம்) கீழ எறங்கி, ஸ்பிண்டில் அடியில ரெண்டு மூணு சுத்து நூல் விழுந்து மெஷின் நிக்கணும். அந்த சுத்து இல்லைன்னா திரும்ப ஓட்டறப்ப நூல் பிடிக்காது, வரிசையா அறுந்து நிக்கும். அப்புறம் மேல நூலுக்கு வழிகாட்டற லேப்பட்டத் தூக்கிட்டு காப்ப நேரா மேல இழுக்கணும், சாய்க்கக் கூடாது. காலி பாபின அழுத்திப் போடணும். தொளதொளன்னு இருந்தா ஆடும், காப் உருவம் கெட்டுப்போகும். பாபின் கலர் மாத்திரவே கூடாது. நம்பருக்கு ஒரு கலர். கலந்துட்டா துணியில பட்டை பட்டையா விழுகும்

செல்வி அத்தை: கை மாட்டிக்காதுங்களா மாமா

குமார் மாமா: ஓடறப்ப கை வைக்கவே கூடாது. தோள்ல துண்டு, தொங்கற சட்டைக்கை ஆகாது

ரேவதி: எங்க ஆஸ்பத்திரி வார்டுலயும் டாஃபிங்தான். கவசம் கழட்டறப்ப கிளவுஸ் மொதல்ல, மாஸ்க் கடைசில, அதும் ரூமுக்கு வெளிய வந்துதான். மாஸ்க் முன்பக்கம் தொடாம கயித்தப் பிடிச்சுக் கழட்டணும்

பெரியப்பா: ஐடிஐ படிக்க வைங்கன்னு அப்பவே சொன்னேன்

செல்வி அத்தை: அண்ணா, பீஸ் கட்டறப்ப யாரும் வரலீங்க

மாலதி அக்கா: அத்தை விடுங்க

குமார் மாமா: பிரவீன், ஆட்டோ டாஃபர் மெஷினான்னு கேளு. அதுல காப்ப எடுக்கறது மெஷினே பாத்துக்கும். விட்டுப்போனத எடுக்கறது, அறுந்த நூல ஒட்டறதுதான் ஆளு வேலை. ரெண்டுலயும் நைட் ஷிப்ட் வரும்

பிரவீன்: சரிங்க மாமா, கேக்கறேன்

செல்வி அத்தை: நைட் ஷிப்டுக்கு அவங்கப்பா ஒத்துக்கணுமே

பழனி சித்தப்பா: 80 பேருன்னு சொல்லிடட்டுமா