17.3 இன்ச் லேப்டாப் கம்மி விலைல வருது, வாங்கலாமா?

எக்செல்_அடிமை:
வணக்கம் மக்களே. நான் கணக்கு எழுதுற வேலைல இருக்கேன், நாள் பூரா எக்செல்தான், பக்கத்துலயே பில் பிடிஎஃப்ப தொறந்து வெச்சு பாத்து பாத்து அடிக்கணும். இப்ப இருக்கறது 14 இன்ச், 1080பி (1920x1080 பிக்சல்). எனக்கு வெள்ளெழுத்து வந்தாச்சு, அது 3-ஆ 8-ஆன்னு தெரியாம ஸ்கிரீன்ல மூக்க ஒட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன். சாயங்காலம் பொண்ணு அதே மெஷின்ல காலேஜ் அசைன்மென்ட், கொஞ்சம் பைத்தான் பண்ணுவா. கேம் எல்லாம் கிடையாது. 17.3 இன்ச் ஒன்னு பாத்தேன், 1600x900, 8 ஜிபி ரேம், விலை ரொம்ப கம்மியா இருக்கு. வாங்கிடலாமா?

மூனாவது_லேப்டாப்:
அண்ணே அவசரப்படாதீங்க. இதே 1600x900 17 இன்ச்ச வாங்கி மூனு வருஷம் மாரடிச்சவன் நான். ஸ்கிரீன்தான் பெருசு, அதுக்குள்ள விஷயம் கம்மி, எக்செல் ஷீட்டையும் பிடிஎஃப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டுமே அரைகுறையா தெரியும். எழுத்து பெருசா வேணும்னா 1920x1080 எடுத்து விண்டோஸ்ல ஸ்கேலிங் (எழுத்தையெல்லாம் பெருசாக்கிக் காட்டற செட்டிங்) 125% வெச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதே அளவு இடம்தான் கிடைக்கும் ஆனா எழுத்து விளிம்பு பிசிறில்லாம இருக்கும், வெள்ளெழுத்துக்கு அதுதான் முக்கியம். என்னோடது டிஎன் பேனல் (மலிவான ஸ்கிரீன் வகை) வேற, கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா செல்லுக்கு அடிச்ச வெளிர் மஞ்சள் கலர் வெள்ளையாயிடும், எந்த வரிய மார்க் பண்ணோம்னே தெரியாது. ஐபிஎஸ்னு (சாஞ்சு பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத வகை) போட்டிருக்கறத மட்டும் பாருங்க, வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தா நல்லது.

இன்னொன்னு, இன்ச்னு சொல்றது மூலைக்கு மூலை குறுக்களவு. நான் டேப் வெச்சு அளந்தே பாத்தேன், 16:10 (அகலம்:உயரம்) வடிவத்துல வர்ற 16 இன்ச்சும் 16:9 17.3 இன்ச்சும் உயரத்துல ஒன்னுதான், ரெண்டுமே ஏறக்குறைய எட்டரை இன்ச். அகலம் மட்டும் 17.3ல ஒன்றரை இன்ச் கூட. அந்த ஒன்றரை இன்ச்சுக்காக பையில போகாத ஒன்ன தூக்கி சுமக்கணுமான்னு யோசிங்க.

ரேம்_பைத்தியம்:
ஸ்கிரீன பத்தி மேல சொல்லிட்டாரு. நான் சொல்ல வர்றது, 8 ஜிபி போர்டுலயே சால்டர் பண்ணி வர்றதா இருந்தா தொடாதீங்க, பின்னாடி ஏத்தவே முடியாது. ஒரு ஸ்லாட் காலியா இருந்தா இப்ப 8 போதும். ஸ்டோரேஜ் இஎம்எம்சின்னா (மலிவு, மெதுவா ஓடும்) வேணாம், எஸ்எஸ்டிதான். பழைய ஆபீஸ் லேப்டாப் ரீஃபர்பிஷ்டு எடுக்கறதா இருந்தா இன்டெல் ப்ராசசர் 8-வது ஜெனரேஷனுக்கு கீழ போகாதீங்க, விண்டோஸ் 11 ஒழுங்கா ஏறாது, 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சுபோச்சு. அப்புறம் ஏஎம்டியோட ரைசன் ப்ராசசர்ல 7520யூ, 7530யூ ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஏமாறாதீங்க. நம்பர்ல மூனாவது இலக்கம்தான் உள்ள இருக்கற டிசைன சொல்லும், 2ன்னா ஜென் 2ங்கற பழைய டிசைன், 3ன்னா அதுக்கு அடுத்த ஜென் 3. முன்னது நாலு கோர், பின்னது ஆறு.

நிழல்_மரம்:
எல்லாரும் லேப்டாப்பயே பேசறீங்க. சார், பழசு மெதுவா ஓடுதா, இல்ல எழுத்துதான் தெரியலியா? ரெண்டாவதுதான்னா 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்ன வாங்கி எச்டிஎம்ஐல சொருகுங்க. 1080பிதான், ஆனா 100% ஸ்கேலிங்லயே எழுத்து உங்க 14 இன்ச்ல தெரியறத விட 1.7 மடங்கு பெருசா இருக்கும். லேப்டாப் ஸ்கிரீன்ல பிடிஎஃப், பெருசுல எக்செல். எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் வெச்சிருக்காரு, கழுத்து வலின்னு சொல்றதே நின்னுபோச்சு. ஆமா, உங்க ஸ்கேலிங் இப்ப எவ்வளவு இருக்கு?

எக்செல்_அடிமை:
மேடம், இப்பதான் போய் பாத்தேன், சிரிக்காதீங்க, 100% இருக்கு. ஷீட்டுல நிறைய காலம் (column) தெரியணும்னு நானே எப்பவோ மாத்தி வெச்சது, மறந்தே போச்சு. 125 வெச்சேன், எழுத்து தெரியுது, ஆனா டோட்டல் வர்ற காலம் வெளிய போயிடுச்சு 😅 மெஷின் வேகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொண்ணுகிட்ட கேட்டேன், 17 இன்ச்ச தூக்கிட்டு காலேஜ் போகமாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டா. அப்ப மானிட்டரே வாங்கிடறேன். அதுல வேற எதுவும் பாக்கணுமா?

நிழல்_மரம்:
ஸ்டாண்டு உயரத்த ஏத்தி இறக்க முடியுதான்னு பாருங்க. நீங்க ப்ரோக்ரசிவ் கண்ணாடி (தூரத்துக்கு மேல, கிட்டத்துக்கு கீழன்னு ஒரே லென்ஸ்ல வர்றது) போடறவரா இருந்தா மானிட்டர் கொஞ்சம் தாழ இருக்கணும், இல்லன்னா கீழ் பக்க லென்ஸ் வழியா பாக்கறதுக்கு தாடைய தூக்கிக்கிட்டே உக்காந்துருப்பீங்க.