புதுப்பிப்பு: ஸ்கிட் ஸ்டியர் லோடர் டிரைவ் மோட்டார் ஆயில் கசிவு நின்றது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்க்கழிவுக் களத்தில் ஓடும் ஸ்கிட் ஸ்டியர் (முன்பக்க வாளியால் அள்ளிப் போடும் சின்ன லோடர்) வண்டி, ஹைட்ராலிக் டேங்கில் ஆயில் குறைந்துகொண்டே வந்தது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, இடது பக்கச் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் மோட்டாரின் ஷாஃப்ட் சீலை (சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையம்) மாற்றியும் நிற்கவில்லை.

செயின் கேஸில் (மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் செயின் ஆயிலில் ஓடும் பெட்டி) ஆயில் அளவைப் பார்க்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. அதன் லெவல் பிளக்கை (அளவு பார்க்கும் மூடி) கழற்றியதும் ஆயில் கொட்டியது, காணாமல் போனதெல்லாம் சீல் வழியாக அங்கேதான் இறங்கியிருக்கிறது. ஆனால் புது சீலும் ஏன் போனது என்பதற்கு விடை, கேஸ் டிரெயின் லைனை (மோட்டார் கூட்டிலிருந்து ஆயிலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) பாருங்கள் என்ற இன்னொருவரின் யோசனையில் இருந்தது. அந்த லைனில் இருக்கும் ஃபில்டர் முழுக்க அடைத்திருந்தது. மோட்டாருக்குள் கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்ப வழியில்லாமல் மோட்டார் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிவிடுகிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் வீண்தான்.

எதிர்பாராத ஒன்று, ஷாஃப்டில் சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். கோவையில் அளவுக்கு ஸ்லீவ் (தேய்ந்த இடத்தை மூடும் மெல்லிய உலோக உறை) வாங்கி ஏற்றி, புது சீல், புது ஃபில்டர், செயின் கேஸுக்கும் புது ஆயில் போட்டாயிற்று. இப்போது டேங்க், செயின் கேஸ் இரண்டிலும் ஆயில் அளவு அசையவில்லை.

அப்புறம், ஹோஸில் கசிவு தேடும்போது கையை வைக்காதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.