பதட்டத்துக்கு எஸ்சிட்டாலோப்ராம் மாத்திரை ஆரம்பிச்சப்புறம் தாம்பத்ய ஆசையே இல்ல. வேற மாத்திரைக்கு மாறலாமா?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருக்கேங்க. வெள்ளி விலை ஆடுற ஆட்டத்துல நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ராத்திரில மூச்சடைப்பு. ஈசிஜில ஒண்ணுமில்ல. மனநல டாக்டர்தான் எஸ்சிட்டாலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதினார். தீபாவளி ஆர்டரைப் பதறாம முடிச்சுக் குடுத்தேன், அந்த வகைல மாத்திரையக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பொங்கலுக்குள்ள இது வேற. ஆசையே வர்றதில்ல. வந்தாலும் எவ்வளவு நேரமானாலும் முடியறதில்ல. "என்னைப் புடிக்கலையா?"ன்னு சம்சாரம் கேட்டுட்டா.

டாக்டர்கிட்ட சொல்லலாம்னா அம்மா கூடவே வந்து பக்கத்து சேர்ல உக்காந்துக்கிறாங்க! மிர்டாசபின்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு மாறினா சரியாகுமா? படபடப்பு திரும்பிடுமோன்னும் பயமா இருக்கு.

மருந்துக்கடை, அஸ்தம்பட்டி:

இந்த வகை மாத்திரைங்க மூளைல செரோடோனின்ங்கற ரசாயனத்தைக் கூட்டுதுங்க. பதட்டம் அடங்கறதும் அதாலதான், ஆசை மங்கறதும் அதாலதான். இதே வகைல பராக்ஸெட்டின்னு ஒண்ணு, அதுல இன்னும் ஜாஸ்தி. மிர்டாசபின்ல இந்தத் தொந்தரவு கம்மி, ஆனா தூக்கம் தள்ளும், பசி எடுக்கும், எடை ஏறும். நெருப்புப் பக்கத்துல வேலை செய்யறவர், காலைல மந்தமா இருந்தா சரிப்படாது. புப்ரோபியான்னு இன்னொரு மனச்சோர்வு மாத்திரை, ஆசையக் கெடுக்கறது குறைவு, ஆனா சிலருக்குப் படபடப்பையே ஏத்திவிடும். வலிப்பு வந்தவங்களுக்கு ஆகவே ஆகாது.

மாத்தித்தான் ஆகணும்னும் இல்ல. டோஸைக் குறைக்கறது, பஸ்பிரோன்ங்கற பதட்ட மாத்திரையச் சேர்க்கறது, விறைப்புல சிக்கல்னா சில்டெனாஃபில்னு டாக்டருக்கு வழி இருக்கு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கறவங்க சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. நீங்களா நிறுத்திப் பாக்காதீங்க. தலை சுத்தும், மண்டைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி இருக்கும், பதட்டமும் திரும்பலாம். பெரும்பாலும் பழசைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கித்தான் புதுசுக்குப் போவாங்க.

காப்பித்தோட்டத்து அக்கா, ஏற்காடு:

தம்பி, இது ஆம்பளைங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. எனக்கு இதே வகை செர்ட்ராலின் மாத்திரைல உணர்ச்சியே மரத்துப்போச்சு. வாய்விட்டுச் சொல்ல வரல. பழைய மருந்துச் சீட்டோட பின்பக்கத்துல ரெண்டு வரி எழுதி டாக்டர் முன்னாடி நகர்த்தி வெச்சேன். அவர் படிச்சுட்டு, "மாத்திரைக்கு முன்னாடியே இருந்துச்சா, அப்புறமா?"ன்னுதான் கேட்டார். சுகர், தைராய்டு பாக்கச் சொன்னார். அப்புறம் வோர்டியாக்ஸெட்டினுக்கு மாத்தினார். எனக்கு மனச்சோர்வும் இருந்துச்சு, அதனால உங்களுக்கும் அதுவேதான்னு சொல்ல மாட்டேன்.

அம்மாவை டோக்கன் குடுக்கற இடத்துலயே உக்கார வைங்க. "தனியாப் பேசணும்"னா டாக்டரே அனுப்பிடுவார். வீட்டுல கேட்டாங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. மாத்திரைன்னு தெரியாம அந்தப் பொண்ணு என்னென்ன நெனச்சிட்டிருக்கோ!

கொலுசுப் பட்டறை:

நேத்து ராத்திரி சொல்லிட்டேங்கா. அடுத்த தடவை அவளே கூட வர்றாளாம். அண்ணா, பழைய சுகர் ரிப்போர்ட் கொண்டுபோகணுமா?

மருந்துக்கடை:

கொண்டுபோங்க. பிரஷர் மாத்திரை சாப்பிட்டா அந்த அட்டையும். பஸ் ஸ்டாண்டு சுவத்து நோட்டீஸ் பாத்து லேகியம் எதுவும் வாங்கியிருந்தா, வெக்கப்படாம அந்த டப்பாவையும்.