எச்டிடிபிஎஸுக்கு மாறிய பின் பழைய முகவரிகளை எங்கெங்கே திருத்த வேண்டும்?

கேள்வி (போர்ட் லூயி, மொரீஷியஸ்):
வணக்கம். எங்கள் கோயிலின் வேர்ட்பிரஸ் தளத்தில் லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழை நிறுவி, பொது அமைப்புகளில் உள்ள இரு முகவரிகளையும் எச்டிடிபியிலிருந்து மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் என மாற்றிவிட்டோம். ஆயினும் பழைய தைப்பூசக் காவடிப் பதிவுகளில் படங்கள் தெரிகின்றனவே தவிர, படக்காட்சி நகர்வதில்லை. எங்கே திருத்துவது?

மறுமொழி:
ஐயா, அந்த இரு கட்டங்களும் தளத்தின் அடிப்படை முகவரியை மட்டுமே மாற்றும்; பதிவுகளுக்குள் முழுமையாக எழுதப்பட்ட முகவரிகள் தரவுத்தளத்தில் பழையபடியே இருக்கும். படங்களைக் குரோம் போன்ற உலாவிகள் தாமாகவே எச்டிடிபிஎஸ் வழியே கேட்டுக்கொள்கின்றன; ஆனால் எச்டிடிபி முகவரியில் உள்ள, படக்காட்சியை இயக்கும் ஸ்கிரிப்டுகளைத் தடுத்துவிடுகின்றன. காப்பு நகல் எடுத்த பின், வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளையை முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பாருங்கள். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் நேரடியாக மாற்றவே வேண்டாம்: விட்ஜெட் எனும் பக்கத் துணைப்பெட்டிகளின் அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்படுவதால், ஓர் 'எஸ்' கூடினாலே கணக்கு பிசகி, அவை வாசிக்க முடியாதவையாகிவிடும். ஒவ்வொரு பதிவின் அடையாளத்தையும் வைத்திருக்கும் ஜியுஐடி நெடுவரிசையை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் புதுப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் வாசிப்பான்கள் பழைய பதிவுகளைப் புதியவை என்று காட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, படக்காட்சி இயங்குகிறது. பழைய இணைப்புகளுக்கு 301 (நிரந்தர) வழிமாற்று வைத்ததும் பக்கம் முடிவின்றிச் சுற்றுகிறது. தளத்தின் முன்னே கிளவுட்ஃபிளேர் என்ற இடைநிலைச் சேவை உள்ளது.

மற்றொரு மறுமொழி (டர்பன்):
கிளவுட்ஃபிளேரில் 'ஃபிளெக்ஸிபிள்' முறை இருந்தால், அது உங்கள் சேவையகத்தைச் சாதாரண எச்டிடிபியில் அணுகும். சேவையகமோ மீண்டும் எச்டிடிபிஎஸுக்கே திருப்பி அனுப்பும். சான்றிதழ்தான் இருக்கிறதே, சேவையகத்தையும் எச்டிடிபிஎஸ் வழியே அணுகும் 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' முறைக்கு மாற்றுங்கள். இனி எச்டிடிபிஎஸ் வழியே மட்டும் வருமாறு உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பை எல்லாப் பக்கங்களையும் சோதித்த பிறகே, அதுவும் முதலில் 300 வினாடிக் காலத்தோடு சேருங்கள். ஓராண்டுக்கு வைத்துவிட்டால், சான்றிதழில் கோளாறு வரும்போது வாசகர்களால் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வர முடியாது.