ஓவர்கிளாக்கிங்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வன்பொருள் வகுப்புக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஓவர்கிளாக்கிங், அதாவது கணினிச் சில்லைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றிய பாடம் தலைப்பில்லாமல் நிற்கிறது. விலை குறைந்த ரைசன் செயலிச் சில்லை பி450 வகை மதர்போர்டில் பூட்டி, வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில்லை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனிக்கும் பாடம். அந்தச் சோதனைப் பகுதிக்கு உட்தலைப்பு 'நிலைப்புச் சோதனை'. பாடத் தலைப்பாக இப்போதைக்கு 'மிகைமுடுக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி:
> மிகைமுடுக்கம்

வேண்டாம் ஐயா. முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம் என்று பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள். 4 கிகாஹெர்ட்ஸில் சீராக ஓடும் சில்லில் எதைக் காட்டி முடுக்கம் என்பீர்கள்? மிகையும் உறுத்துகிறது. மிகைபடக் கூறல் நன்னூலாருக்கே குற்றம். கிளாக்குக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. முல்லைப்பாட்டில் பொழுதளப்பவர்கள் கையாள்வது 'குறுநீர்க் கன்னல்'. 'கன்னலேற்றம்' என்று வையுங்கள்.

மறுமொழி:
> கன்னலேற்றம்

அம்மா, அழகான சொல்தான். ஆனால் இன்று கன்னல் என்றால் கரும்பு. அதைவிட முக்கியம், கன்னல் பொழுதை அளக்கும் கருவி. சில்லுக்குள் இருக்கும் கிளாக் பொழுதைச் சொல்வதில்லை, எல்லாச் சுற்றுகளும் சேர்ந்து அடியெடுத்து வைக்கத் தாளம் போடுகிறது. 1998இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ சில்லை நினைத்துப் பாருங்கள். போர்டின் துடிப்பைப் பெருக்கி என்ற எண்ணால் பெருக்கினால் வருவதே சில்லின் வேகம். அதில் பெருக்கி 4.5இல் பூட்டியிருந்தது. போர்டின் துடிப்பை 66இலிருந்து 100 ஆக்கினார்கள், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. ஏற்றியது துடிப்பைத்தான். ஆகவே 'துடிப்பேற்றம்'.

மறுமொழி:
துடிப்பேற்றத்துக்கு என் வாக்கு. துடி என்பதே பாலை நிலத்துப் பறை, அதை முழக்குபவன் துடியன். பறையிலிருந்து வினை பிறந்ததா, துடிக்கும் ஒலியிலிருந்து பறை பெயர் பெற்றதா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

மறுமொழி:
தம்பி, கடையில் போய் 'துடிப்பேற்றத்துக்கு ஏற்ற போர்டு' என்று கேட்டால் சொல் புரியாமல் விலை குறைந்த ஏ320 வகை போர்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் பெருக்கியைத் தொடவே முடியாது. மாணவனின் காசு போகும். ஓவர்கிளாக்கிங் என்றே எழுதுங்கள். பஸ்ஸை அப்படியே ஏற்றுக்கொண்ட மொழிதானே இது?

இன்னொன்று. எதை ஏற்றுகிறோம் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். வெறும் 'ஏற்றம்' என்றால் பிள்ளைகள் மின்னழுத்தத்தையும் ஏற்றுவார்கள். மின்செலவு துடிப்புக்கு நேர்விகிதத்தில்தான் கூடும், மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தில் கூடும். சில்லு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

மறுமொழி:
அப்படியானால் 'நிலைப்புச் சோதனை' என்ற உங்கள் உட்தலைப்பும் போதாது. கணினி உறையாமல் இரவு முழுக்க ஓடலாம், ஆனால் கணக்கைத் தப்பாகப் போடலாம். பிரைம்95 விடையை முன்பே தெரிந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். தாங்குகிறதா என்பது வேறு, பிழையில்லாமல் தாங்குகிறதா என்பது வேறு. 'பிழையறு சோதனை' என்று போடலாம்.

மறுமொழி:
அனைவருக்கும் நன்றி. ஞாயிறு இரவாகிவிட்டது. தலைப்பு 'துடிப்பேற்றம்', முதல் பத்தியில் ஓவர்கிளாக்கிங் என்ற பெயரும் வரும். ஏ320 எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடுகிறேன். உட்தலைப்பு 'நிலைப்புச் சோதனை' என்றே போகிறது.

மறுமொழி:
துடிப்பேற்றம் சரி. நிலைப்பை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.