காலையில் மோக்காவில் ஆவணம், மாலையில் நாடகத் தேர்வு

மொரீஷியசின் மோக்காவில், ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றப் பதிவேடுகளை வைத்திருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு, மூதாதையைத் தேடிக் குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். 1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைத் தேட, வந்திறங்கியபோது ஒவ்வொருவருக்கும் கொடுத்த குடியேற்ற எண்தான் சாவி. உங்கள் பிறப்புச் சான்றில் தொடங்கி அப்பா, தாத்தா, பூட்டன் என்று தலைமுறைக்கு ஒரு சான்றாகச் சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் (பிறப்பு, திருமணப் பதிவு அலுவலகம்) எடுத்துக்கொண்டே மேலே போங்கள். கப்பலில் வந்தவரை எட்டும்போது, அவருடைய திருமணப் பதிவிலோ பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலோ எண் பெரும்பாலும் அகப்படும். நடுவில் ஒரு சான்று விட்டுப்போனால் அவ்வளவுதான், ஒரே தோட்டத்தில் நாலு முத்துசாமி இருந்திருப்பார்கள்.

பெயர்தான் பெருந்தலைவலி. வந்தவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. யாரோ ஒரு மூதாதையின் சொந்தப் பெயர் பின்னால் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதையும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்: வீராப்பென் என்பது வீரப்பன், கூப்பென் குப்பன், அர்நாசெலோம் அருணாசலம். ஒரு பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டலைப் பென்சிலால் முன்கூட்டியே எழுதிவையுங்கள். 'மலபார்' என்று கண்டால் கேரளத்துக்குப் போய்விடாதீர்கள், இந்தத் தீவில் அது கேரளத்தாரை மட்டும் குறித்த சொல் அல்ல. வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பாருங்கள்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. பிரெஞ்சு ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களின் வழிவந்தவர்கள் இந்தப் பதிவேடுகளைப் புரட்டிப் பயனில்லை.

*

மாலையில் அந்தக் கூலிகளைப் பற்றிய நாடகத்துக்கு நடிகர் தேர்வு இருந்தால், ஆவணத்திலிருந்து எதை எடுத்துப்போவது? மாணவர்கள் கப்பல் பெயரையும் ஊர்ப் பெயரையும் குறித்துக்கொண்டு வந்து மேடையில் ஒப்பிக்கிறார்கள். வயது, உயரம், அங்க அடையாளம் என்ற கட்டங்களை விட்டுவிடுகிறார்கள். நடிகருக்கு வேண்டியது அதுதான். இடது முழங்காலில் தழும்பு என்றிருந்தால் அங்கே ஒரு நடை கிடைக்கிறது.

வசனத்தாள் ரோமன் எழுத்தில் இருந்தால் தமிழெழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே 'எல்' எழுத்து ல, ள, ழ மூன்றுக்கும் நிற்பதால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பிரதி இல்லையென்றால் ழகரத்துக்கு வட்டம், ளகரத்துக்குக் கோடு என்று நீங்களே குறியிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மூச்சு. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, 'இல்லை'யும் அங்கேதான். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பழகிய நாக்கு, கவனிக்காவிட்டால் முடிவில் தேய்ந்துபோகலாம். "அவன் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வரவே இல்லை" என்பதில் கடைசிச் சொல் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் பொருளே தலைகீழ். 'வரவே'வுக்கு முன்னால் கால் மூச்சு எடுங்கள், முழு மூச்சு எடுத்தால் வாக்கியம் உடையும்.

பழைய தாளின் தூசி தொண்டையைக் காய வைக்கும். வாசிப்பறைக்குள் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்பதால், வெளியே வந்ததும் குடித்துவிட்டு, தேர்வுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.